ஃப்ளஷ் டேங்குக்குள் செங்கல் போடலாமா?

சேலம் அம்மாபேட்டையில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு ஃப்ளஷ் டேங்க் பழசு. ஒரு தடவை அழுத்தினால் 10 லிட்டர் போய்விடுகிறது. உள்ளே ஒரு செங்கல்லைப் போடு என்கிறார் மாமனார். மிதவையைக் கீழே இறக்கிவிடலாம் என்கிறார் பிளம்பர். எது சரி?"

இரண்டிலும் தண்ணீர் மிச்சமாகும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்குள் அழகான இயற்பியல் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தண்ணீர்க் கணக்கு. சேலத்துக்கு வருவது மேட்டூர்க் காவிரி. அணை 120 அடி நிரம்பி நிற்கும்போதுகூட அதன் நீர்மட்டம் கடல் மட்டத்தில் இருந்து 790 அடிதான். சேலம் இருப்பதோ சுமார் 900 அடியில். ஆகவே நம் வீட்டுக் குழாய்க்கு வரும் காவிரி, சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து, மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவந்த காவிரி. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் கணக்கு. அதில் 45 லிட்டரைக் கழிப்பறைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு! குடத்தை வரிசையில் வைத்துப் பிடித்த தண்ணீர் என்று நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது.

சரி, கழிப்பறைப் பேசினுக்குள் போவோம். அதன் அடியில் வளைந்த கழுத்து ஒன்று இருக்கிறது. குழாய் கீழே போய், மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கும். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அதுதான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இருநூற்றைம்பது வருடமாகியும் இதைவிட எளிய கதவு ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது அந்த வளைவின் மேட்டை ஓர் ஏரியின் கலங்கலாக, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் மேடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிரம்பிக் கோடி விழும்போது என்ன நடக்கிறது? வருகிற தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு மட்டும் கலங்கல் மேல் மெல்லிய தகடாக வழிந்து போகும். அடியில் கிடக்கும் சேறும் கட்டையும் அங்கேயே கிடக்கும். பேசினில் பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றினாலும் இதேதான். 10 லிட்டர் ஊற்றியிருப்போம், ஆனால் ஊற்றிய வேகத்திலேயே அது வழிந்துவிட்டிருக்கும். போக வேண்டியது போகாது. உடனே இன்னொரு பக்கெட்.

அதே தண்ணீரில் பாதியை எடுத்து, பக்கெட்டை இடுப்புக்குத் தூக்கி, ஒரே வீச்சில் சாய்த்துப் பாருங்கள். கலங்கல் வழியாக வெளியேறும் வேகத்தைவிட உள்ளே வரும் வேகம் அதிகம். பேசினில் மட்டம் சட்டென்று உயரும். உயர்ந்த தண்ணீரின் எடையும் விழுந்த வேகமும் சேர்ந்து, வளைவில் நின்றதை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு மேட்டைத் தாண்டும். எத்தனை லிட்டர் என்பதைவிட எத்தனை நொடியில் என்பதுதான் இங்கே முக்கியம்.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. என் சின்ன வயதில் வீட்டில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. நடுவில் வசுதேவர், தலைமேல் குழந்தைக் கண்ணன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் ஏறும். கண்ணனின் பாதத்தைத் தொட்ட நொடியில், அதுவரை ஒரு சொட்டுகூட ஒழுகாத கிண்ணம் அடிவழியாக முழுவதும் வடிந்துவிடும். யமுனை வழிவிட்ட கதை கைக்குள் நடக்கும். பாட்டி ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பொம்மைக்குள் ஒளிந்திருப்பது ஒரு வளைந்த குழாய், தலைகீழாகக் கவிழ்த்த 'ப' மாதிரி. ஒரு கால் கிண்ணத்துக்குள், இன்னொரு கால் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே. கண்ணனின் பாதம் வளைவின் உச்சிக்குச் சமமான உயரத்தில் இருக்கும். மட்டம் உச்சியைத் தாண்டியதும் தண்ணீர் வெளிக்காலில் விழுகிறது. விழும்போது குழாயை முழுவதுமாக அடைத்து, காற்றை வெளியே துரத்திவிடுகிறது. வெளிக்கால் நீளமானது, அதில் உள்ள தண்ணீரின் எடை அதிகம். அது கீழே இறங்க, காற்றழுத்தம் பின்னாலிருக்கும் தண்ணீரை உச்சிக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். கிண்ணம் காலியாகிக் காற்று நுழையும் வரை இது நிற்காது. இதுதான் சைஃபான். மண்ணெண்ணெய் பேரலில் டியூப் போட்டு உறிஞ்சி எடுத்தவர்கள் எல்லோரும் இதைக் கையாண்டவர்கள்தான்.

இதே கிண்ணத்தின் குழாய் அகலமாக இருந்து, தண்ணீரும் சொட்டுச் சொட்டாக வந்தால்? குழாய் நிறையாது, காற்று வெளியேறாது, சைஃபான் பிடிக்காது. வெறும் கலங்கல்தான். இதைப் பார்ப்பதற்காக ஓர் அங்குல டியூபை பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்திப் பார்த்தேன். குழாயை லேசாகத் திறந்து வைத்தால் டப்பா விளிம்புவரை நிரம்பி, டியூபின் சுவரை ஒட்டி ஒரு நூல்போல வழிந்தது. சொம்பு நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்த்தேன். 'களக்' என்ற சத்தத்தோடு டப்பா காலி! ஃப்ளஷ் செய்து முடிக்கும்போது சில பேசின்களில் கேட்கும் சத்தமும் இதுதான், காற்று உள்ளே நுழைந்து சைஃபான் அறுபடும் ஒலி.

அந்தக் கிண்ணத்தைச் செய்த கன்னாருக்கு இது முழுவதும் தெரியும். உச்சியின் உயரத்தையும் பாதத்தின் உயரத்தையும் நூல் பிசகாமல் பொருத்தியவர் அவர். அதை வெறும் அற்புதம் என்று சொல்லி நிறுத்திவிட்டால் அவருடைய மூளைக்கு நாம் மரியாதை செய்யவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கடையில் 'சைஃபானிக்' என்று விற்கும் பேசின்கள் இந்த இழுப்பை நம்பியவை. நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 'வாஷ்டவுன்' வகை, தள்ளுவதை நம்பியது. எதுவானாலும் தொடக்க வேகம்தான் உயிர்.

இப்போது மாமனாருக்கும் பிளம்பருக்கும் வருவோம். தண்ணீர் வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது அது நிற்கும் உயரம். 20 செ.மீ. உயரத் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 10 செ.மீ. என்றால் 1.4 மீட்டர்தான். மிதவையை இறக்கினால் டேங்க் நிரம்புவது முன்பே நின்றுவிடும், அளவோடு உயரமும் குறைகிறது, வேகமும் போகிறது. செங்கல் போட்டால் அளவு மட்டும் குறையும், உயரம் அப்படியே இருக்கும். மாமனார் சொன்னதில் சாரம் இருக்கிறது! ஆனால் செங்கல் வேண்டாம். ஊற ஊறக் கரைந்து, மண் போய் வால்வு ரப்பரில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் நிரப்பி, மூடியை இறுக்கி, மிதவையில் இடிக்காத மூலையில் வையுங்கள். ஒரு ஃப்ளஷுக்கு ஒரு லிட்டர் மிச்சம். பேசின் சுத்தமாகக் கழுவப்பட்டால் இரண்டாவது பாட்டிலையும் முயலலாம். புது மாடல் 6 லிட்டர் டேங்கில் இந்த வேலை வேண்டாம், அதில் ஏற்கனவே கணக்குப் பார்த்துத்தான் அளவு வைத்திருக்கிறார்கள்.

டேங்கையே மாற்ற வசதி இருந்தால் இரட்டைப் பொத்தான் டேங்க் வாங்குங்கள். 1980இல் ஆஸ்திரேலியாவில் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்சன் செய்து காட்டிய யோசனை அது. நான்கு பேர் வீட்டில் நாளுக்கு 20 தடவை என்று வைத்தால், பழைய டேங்கில் 200 லிட்டர். பெரிய பொத்தானில் 6 லிட்டர் 4 தடவை, சின்னதில் 3 லிட்டர் 16 தடவை என்றால் 72 லிட்டர். தினமும் எட்டுக் குடத்துக்கு மேல் மிச்சம்.

ஒன்று கவனிக்க வேண்டும். குறைந்த தண்ணீரே கழிவைக் குழாயிலும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நாலங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தால் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வாஸ்து பார்த்துக் கழிப்பறையை வீட்டின் மறுமூலைக்கு மாற்றினார்கள். குழாய் வீட்டைச் சுற்றி நாலு முடக்கில் போகிறது. எந்த டேங்க் வைத்தாலும் அடைப்பு, கடைசியில் தினமும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றுகிறார்கள். வாஸ்துக்காரருக்குக் கொடுத்த பணத்தில் பாதியைக் குழாயின் சரிவைப் பார்க்கச் செலவழித்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமைதான்.

குந்தி உட்காரும் பேசினை மறந்துவிடக் கூடாது. சுலப் இயக்கத்தை 1970இல் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் பரப்பிய கழிப்பறையில், பேசினின் அடி நல்ல செங்குத்தான சரிவு, வளைவில் 20 மில்லிமீட்டர் தண்ணீர் மட்டும். அதனால் இரண்டு லிட்டருக்குள் வேலை முடிகிறது. ஏற்காட்டில் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். கனடாவில் 2003இல் தொடங்கிய ஒரு சோதனை முறையில் சோயா விழுதை 50 கிராம் 50 கிராமாகப் பேசினில் போட்டு, எவ்வளவு போகிறது என்று அளக்கிறார்கள். நம் பொறியியல் கல்லூரிகளிலும் குந்து பேசினுக்கும், பக்கெட்டுக்கும், நம் உப்புத் தண்ணீருக்கும் இப்படி ஓயாமல் சோதனை நடக்க வேண்டும். அதற்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்குவதை யாரும் கௌரவக் குறைவாக நினைக்கக் கூடாது.

உப்புத் தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. போர் தண்ணீர் ஓடும் டேங்கில் வால்வு ரப்பர் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்து, சரியாக மூடாமல் கசியும். நிமிடத்துக்கு 100 மில்லி கசிந்தாலே ஒரு நாளில் 144 லிட்டர். சத்தமே வராது. அதனால் வாசகிக்கு ஒரு வேலை: பாட்டில் வைக்கும் முன்பு, இன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு டேங்கில் நாலு சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் அழுத்த வேண்டாம். அப்புறம் டார்ச் அடித்துப் பேசினைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்த ரப்பர்.