தீ வரைபடத்தில் சிவப்பை அழிக்க முடியாது

2017 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகரில் காஃபி பார்க் என்ற குடியிருப்பு ஒரே இரவில் சாம்பலானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அது காட்டோரம்கூட இல்லை. சமதரையில் நெருக்கமாக வீடு கட்டிய சாதாரண நகர்ப்பகுதி. தீ வந்த திசைக்கும் அதற்கும் நடுவே 101-ஆம் நெடுஞ்சாலை ஆறு தடங்களில் ஓடுகிறது. பேய்க்காற்று கங்குகளை அள்ளிச் சாலைக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டது. மாநில அரசின் அன்றைய தீ அபாய வரைபடத்தில் அந்த இடம் அபாயப் பகுதியாகவே குறிக்கப்படவில்லை.

அந்த வரைபடங்களை மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் திருத்தி, நகரங்களுக்கானவற்றை 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நான்கு தவணைகளாக வெளியிட்டது. முன்பு நகரங்களுக்கு ‘மிக அதிகம்’ என்ற ஒரே நிலைதான். இப்போது மிதம், அதிகம், மிக அதிகம் என மூன்று: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

இந்த நிறத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஓர் இடம் எரிய எவ்வளவு வாய்ப்பு, எரிந்தால் எவ்வளவு உக்கிரமாக எரியும் என்ற இரண்டையும் கணக்கிடுகிறார்கள். முதலாவதற்குப் பழைய தீ விபத்துகளின் பதிவு உதவும். இரண்டாவதற்குச் செடிகொடி, வானிலை, நிலத்தின் சரிவு மூன்றும் வேண்டும். மேட்டில் ஏறும் தீ, மேலே இருக்கும் புதரை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். அதனால் ஏற ஏற வேகம் கூடும். அப்புறம் கங்கு. காட்டின் விளிம்பிலிருந்து நகருக்குள் போகப் போக அபாய மதிப்பெண் குறையும். ஆனால் கங்கு வந்து விழக்கூடிய, மரம் அடர்ந்த தெருக்களில் அவ்வளவு குறையாது. புதிய கணக்கு உள்ளூர்க் காற்றையும் கங்கு பறக்கும் விதத்தையும் நுணுக்கமாகச் சேர்த்ததால் பல நகரங்களில் நிறம் உள்ளே நீண்டிருக்கிறது.

வரைபடம் கைக்கு வந்த 30 நாளில் நகர மன்றம் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 120 நாளில் உள்ளூர்ச் சட்டமாக நிறைவேற்ற வேண்டும். மன்றம் நினைத்தால் ஓர் இடத்தின் நிலையை உயர்த்தலாம், குறைக்க அதிகாரம் இல்லை. ‘கூரையை மாற்றினேன், புதரை வெட்டினேன், இன்னும் ஏன் சிவப்பு?’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வரைபடம் அளப்பது வீட்டை அல்ல, நிலத்தை. அதுவும் அடுத்த 30 முதல் 50 ஆண்டுகளை மனத்தில் வைத்து. வெட்டிய புதர் அதற்குள் பலமுறை வளர்ந்துவிடும். ஆற்றங்கரையில் தூண் எழுப்பி வீட்டை உயர்த்தினால் வீடு தப்பலாம், வெள்ளம் வராமல் போகாது. அந்த மாதிரிதான். உள்ளூர் அரசியல் அழுத்தத்தில் நிறம் வெளுத்துவிடக் கூடாது என்ற வகையிலும் இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

சட்டமானதும் ஆரஞ்சு, சிவப்புப் பகுதிகளில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு விதிகள் மாறும். பரணுக்குக் காற்று போகும் துளையையே எடுத்துக்கொள்ளுங்கள். கங்கு வீட்டுக்குள் நுழையும் முக்கியமான வழி அது. சாதாரணமாக அங்கே வலை அடிப்பதென்றால் கண்ணின் அகலம் சுமார் 1.6 மில்லிமீட்டரிலிருந்து 3.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிதானால் கங்கு புகும், ரொம்பச் சிறிதானால் தூசி அடைத்துக் காற்றே போகாது. ஜன்னலில் சூடு தாங்கும் கண்ணாடி, தீப்பிடிக்காத கூரை இதெல்லாமும் உண்டு. சிவப்புப் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் வீடுகளும் தங்கள் எல்லைக்குள் சுற்றிலும் 100 அடி வரை காய்ந்த புதர், சருகை அகற்ற வேண்டும். வீட்டை விற்கும்போது இடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பழைய வீட்டின் கூரையையும் ஜன்னலையும் மாற்றச் சொல்லி இந்தக் கட்டட விதி வற்புறுத்தாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே ஈட்டன் தீ எனப்படும் காட்டுத்தீ 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அதில் சிக்கிய அல்டடீனா என்ற ஊரில் பெரும்பாலானவை இந்த விதிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டிய வீடுகள். மாநிலத்தில் இன்று மக்கள் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பகுதியும் அப்படிப்பட்டவைதான்.