இ.சி.ஜி.: துடிப்பு வரைபடமா, மின்வரைவா?

"ஈசிஜி எடுத்தாச்சா?" என்ற கேள்வி நம் ஊர் மருத்துவமனை வார்டுகளில் நாளெல்லாம் கேட்கும். விரித்துச் சொன்னால் எலக்ட்ரோகார்டியோகிராம். தமிழில் பலரும் இதை 'இதயத்துடிப்பு வரைபடம்' என்று எழுதுகிறார்கள். இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கு இந்தத் தாளைப் படிக்கச் சொல்லித் தரும்போது, அந்தப் பெயரிலிருந்து 'துடிப்பு' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடச் சொல்வேன்.

மூலச்சொல்லில் துடிப்பே கிடையாது. அது மூன்று கிரேக்கத் துண்டுகளால் ஆனது. 'எலெக்ட்ரான்' என்றால் அம்பர், அதாவது மரப்பிசின் காலப்போக்கில் இறுகிக் கல் போல ஆனது. அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அந்த இழுப்பிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்துக்குப் பெயர் வந்தது. நமக்கோ வானத்து மின்னலிலும் மின்மினியிலும் இருக்கிற 'மின்' கிடைத்தது. 'கார்டியா' என்றால் இதயம். 'கிராம்மா' என்றால் எழுதப்பட்டது. சேர்த்துப் பார்த்தால் இதயத்தின் மின்சாரத்தை எழுதிவைத்தது, அவ்வளவுதான். அதனால் 'இதய மின்வரைவு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. கிராம் என்பது தாளில் விழுந்த வரைவு. கிராஃப் என்பது அதை வரையும் கருவி, வரைவி. கிராஃபி என்பது அந்தக் கலை, வரைவியல். மூன்றையும் குழப்பாமல் சொல்லிவிடலாம்.

மனித இதயத்தின் மின்சாரத்தை உடம்பின் மேலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர், 1887இல், லண்டனில். அதைத் துல்லியமான கருவியாக்கியவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த வில்லெம் ஐந்தோவன். வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, இதய மின்சாரம் பாயும்போது அது அசைவதைப் படமெடுத்தார். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்று நாம் ஜெல் தடவி ஒட்டும் எலக்ட்ரோடுகளின் மூதாதை அந்தத் தொட்டிகள்தான். பி, கியூ, ஆர், எஸ், டி என்று அலைகளுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. 1924இல் நோபல் பரிசு பெற்றார். சிலர் 'ஈகேஜி' என்று சொல்வது ஜெர்மன் எழுத்துமுறையில் கார்டியோவுக்கு 'கே' வருவதால். பொருள் ஒன்றுதான்.

சரி, பெயரில் துடிப்பு இருந்தால் என்ன கெட்டுவிடும்? பி அலை என்பது மேலறைகளில் மின்சாரம் பரவுவது. கியூஆர்எஸ் கீழறைகளில் பரவுவது. டி அலை, கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்புவது. தசை சுருங்கிற்றா, ரத்தம் வெளியே போயிற்றா என்பது தாளில் இல்லை. மின் அலைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, நாடியே இல்லாமல் மனிதர் சாய்ந்துகிடக்கும் நிலையும் உண்டு. அதுவும் இதயநிறுத்தம்தான், பலர் நினைப்பதுபோல மாரடைப்பு இல்லை, அதைவிட அவசரமானது. நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நடக்கவைக்கிற நமக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

தாளைப் படிப்பது பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. தாள் வழக்கமாக நொடிக்கு 25 மி.மீ. வேகத்தில் ஓடும். சின்னக் கட்டம் 0.04 நொடி, பெரிய கட்டம் 0.20 நொடி. ஆக, ஒரு நிமிடத்துக்கு 300 பெரிய கட்டங்கள். இரண்டு ஆர் முனைகளுக்கு (ஆர் அலையின் உச்சிகளுக்கு) நடுவே 4 பெரிய கட்டம் இருந்தால் 300ஐ 4ஆல் வகுங்கள், நிமிடத்துக்கு 75. ஆனால் இடைவெளி ஒரே சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒழுங்கில்லாமல் வந்தால் 10 நொடிக்குள் வரும் கியூஆர்எஸ்களை எண்ணி 6ஆல் பெருக்குங்கள். இடைவெளி சீரே இல்லை, பி அலையையும் காணோம் என்றால் மேலறை நடுக்கமாக, அதாவது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிற நிலையாக, இருக்கலாம். கியூஆர்எஸ் 3 சின்னக் கட்டத்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். அகன்றிருந்தால் மின்சாரம் வழக்கமான பாதையில் போகவில்லை.

'லீட்' என்ற சொல்லும் மாணவர்களைப் படுத்தும். வார்டில் ஒயரையே லீட் என்கிறோம். ஆனால் ஒட்டுவது 10 எலக்ட்ரோடு, வருவது 12 லீட். ஏனென்றால் லீட் என்பது ஒயர் இல்லை, இதயத்தை ஒரு பக்கமிருந்து பார்க்கும் கோணம். 'பார்வைக்கோணம்' என்று சொல்லிப் பார்த்தேன், மறுநாளிலிருந்து அந்தச் சந்தேகம் வரவில்லை.

பைபாஸ் அறுவைக்குப் பின் ஒருவரை வராந்தாவில் நடத்திக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். மானிட்டர் திடீரென அலறுகிறது, திரை முழுக்க அகன்ற, தாறுமாறான அலைகள். முதலில் அவர் முகத்தைப் பாருங்கள், பேச்சுக் கொடுங்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். "என்னம்மா ஆச்சு?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டால், கை அசைந்ததில் ஒட்டு தளர்ந்திருக்கலாம். திரையை உற்றுப் பார்த்தால் அந்தக் கசமுசாவுக்குள்ளேயே ஆர் முனைகள் பழைய இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். முகம் வெளிறி, தலை சுற்றுகிறது என்றால் உடனே உட்காரவைத்து ஆளைக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மேலறை நடுக்கத்தில் சில அலைகள் முந்திக்கொண்டு வரும்போது கீழறை நிறைவதற்குள் சுருங்கிவிடும். தாளில் அலை இருக்கும், அந்த ரத்தம் மணிக்கட்டு வரை எட்டாது. அப்படிப்பட்டவரின் குறிப்பேட்டில் ஒரே எண்ணை எழுதாமல், ஒரு முழு நிமிடம் எண்ணி, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: மின்வரைவில் 96, நாடியில் 78.