கெஸ்டுக்கு எல்லா டிரைவையும் திறந்துவிடாதீர்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் நான் வேலை பார்க்கப் போகும் சின்ன அலுவலகங்கள் பலவற்றில் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி, ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஓடுவதைக் கெஸ்ட் என்றும், அதைத் தாங்கும் நிஜக் கணினியை ஹோஸ்ட் என்றும் சொல்வார்கள். ஆடிட்டர் அலுவலகம் என்றால் பழைய ஆண்டுக் கணக்குகளைத் திறப்பதற்காக விண்டோஸ் 7. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை என்றால், இயந்திரத்தோடு வந்த, புதிய விண்டோஸில் ஏறாத மென்பொருளுக்காக எக்ஸ்பி. ஏற்பாடு நல்லதுதான். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் பொது ஆதரவு முடிந்தது. அப்படிப்பட்ட சிஸ்டத்தை நேரடியாக மேசையில் ஓட்டுவதைவிட, ஒரு மெஷினுக்குள் அடைத்து இணையத்தையும் நிறுத்தி வைப்பது எவ்வளவோ மேல்.

சிக்கல் அதற்கு அடுத்த வாரம் தொடங்குகிறது. "தம்பி, எல்லா டிரைவும் உள்ளேயே தெரியற மாதிரி வச்சிடுங்க, அடிக்கடி காப்பி பண்ண வேண்டியிருக்கு" என்று முதலாளி கேட்பார். நியாயமான தேவைதான். செய்து கொடுப்பவரும் சி, டி, இ மூன்றையும் ஷேர்டு ஃபோல்டராக (ஹோஸ்டின் ஃபோல்டரைக் கெஸ்டும் பயன்படுத்தும் ஏற்பாடு), எழுதும் அனுமதியோடு சேர்த்துவிட்டுப் போய்விடுவார். அதோடு கெஸ்டைத் தனியாக அடைத்து வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறது. உள்ளே வந்துவிட்ட வைரஸ், விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரை உடைக்கவே தேவையில்லை. கோப்புகள் அதன் கைக்கெட்டும் தூரத்தில், சாதாரண டிரைவ் எழுத்தோடு நிற்கின்றன.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2020 மே மாதம் சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், ராக்னர் லாக்கர் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அதை ஏவிய கும்பல், தாக்கிய கணினியில் தானே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரின் பழைய பதிப்பை நிறுவியது; அதற்குள் சுருக்கப்பட்ட ஒரு எக்ஸ்பி. 122 எம்பி இன்ஸ்டாலர், உள்ளே 282 எம்பி டிஸ்க் இமேஜ் (கெஸ்டின் டிஸ்க்காக இருக்கும் கோப்பு), இவ்வளவும் 49 கேபி அளவுள்ள ஒரு ரான்சம்வேர் கோப்பை ஒளித்து வைக்க. அப்புறம் ஒரு ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் உள்ள ஹார்ட் டிஸ்க்குகள், செருகியிருந்த டிரைவ்கள், நெட்வொர்க் டிரைவ்கள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஷேர்டு ஃபோல்டராகக் கெஸ்டுக்குக் கொடுத்தது. கோப்புகளைப் பூட்டியது கெஸ்டுக்குள் இருந்த ரான்சம்வேர். ஹோஸ்டின் ஆன்டிவைரஸுக்கோ, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நம்பகமான நிரல் சில கோப்புகளைத் திருத்துகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கும்பல் மெனக்கெட்டுச் செய்த அதே செட்டிங்கை நம் அலுவலகங்களில் வசதிக்காக நாமே செய்து வைத்திருக்கிறோம். எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் இதுதான்.

கோப்புப் பரிமாற்றம் வேண்டும், சரி. ஹோஸ்டில் அதற்கென்று ஒரே ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். கெஸ்ட் படிக்க மட்டும் வேண்டுமானால் விர்ச்சுவல்பாக்ஸிலேயே 'ரீட் ஒன்லி' என்ற தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். விண்டோஸின் தற்காலிக விர்ச்சுவல் மெஷினான விண்டோஸ் சாண்ட்பாக்ஸின் அமைப்புக் கோப்பிலும் இதே வசதி உண்டு. கெஸ்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டியவற்றுக்கு இன்னொரு ஃபோல்டர். வேலை முடிந்ததும் அதைக் காலி செய்துவிடுங்கள். 'ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கோமே' என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் முந்தைய நிலையைச் சேமித்த பதிவு, திருப்புவது கெஸ்டின் சொந்த டிஸ்க்கைத்தான். ஷேர்டு ஃபோல்டரில் கெட்டுப்போனது ஹோஸ்டின் கோப்பு. அது கெட்டது கெட்டதுதான்.

ஆடிட்டர் அலுவலகங்களுக்கே உரிய இன்னொரு வாசல் டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி சாதனம். ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கலுக்கு அந்த யுஎஸ்பி டோக்கன் கெஸ்டுக்குள் தெரிய வேண்டும் என்று யுஎஸ்பி ஃபில்டர் (எந்தச் சாதனம் கெஸ்டுக்குப் போக வேண்டும் என்ற விதி) சேர்ப்பார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் ஒரு வெற்று ஃபில்டரைச் சேர்த்தாலும் டோக்கன் வேலை செய்யும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வெற்று ஃபில்டர் என்றால் 'எந்தச் சாதனம் வந்தாலும் எடுத்துக்கொள்' என்று பொருள். அந்த மெஷின் ஓடும்போது ஒருவர் பென்டிரைவ் செருகினால் அது கெஸ்டுக்குப் போகும். பேக்கப் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அதுவும் கெஸ்டுக்குத்தான். ஹோஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கை இப்படிப் பிடுங்கினால் கோப்பு முறைமையே பாழாகலாம். டோக்கனைச் செருகி, சாதனப் பட்டியலிலிருந்தே அதைத் தேர்ந்தெடுங்கள்; வெண்டார் ஐடி, புராடக்ட் ஐடி தானாக நிரம்பும். அந்த டோக்கன் மட்டும் போகும்.

வெளி ஹார்ட் டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஊரே வெள்ளக்காடான பிறகு, பேக்கப் என்ற பேச்சையே எடுக்காத முதலாளிகள்கூட டிஸ்க் வாங்கினார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் வாங்கிய டிஸ்க்கைக் கணினியிலேயே இரவும் பகலும் செருகி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கணினியோடு அதுவும் போகும். ரான்சம்வேர் வந்தாலும் அதே கதைதான். பேக்கப் முடிந்ததும் கழற்றுங்கள். எந்தக் கெஸ்டுக்கும் அதைக் காட்டாதீர்கள்.

இதைவிட ஆபத்தானது முழு டிஸ்க்கையே அப்படியே கெஸ்டுக்குக் கொடுப்பது. ரா டிஸ்க் என்பார்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் மாணவர்கள், ரீபூட் செய்ய அலுத்துக்கொண்டு இந்த வழிக்குப் போகிறார்கள். தவறாகச் செய்தால் மொத்தத் தரவும் போகலாம் என்று விர்ச்சுவல்பாக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. காரணம் எளிது. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் ஒரு நேரத்தில் ஒரே சிஸ்டம்தான் எழுதும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. ஒரே நோட்டில் இரண்டு பேர், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமலே கணக்கு எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி இதனால்தான் ஒரு டிஸ்க்கைக் கெஸ்டுக்குக் கொடுக்கும் முன் ஹோஸ்டில் அதை ஆஃப்லைன் ஆக்கச் சொல்கிறது. லினக்ஸில் இதற்காகவே பயனரை 'டிஸ்க்' குழுவில் சேர்ப்பவர்களும் உண்டு. அது கிட்டத்தட்ட ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தைக் கையில் கொடுப்பது போலத்தான், தயவுசெய்து வேண்டாம்.

சர்வர் வைத்துக் கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) ஓட்டுபவர்களுக்குச் சுருக்கமாகச் சில. டிஸ்க் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயரால் கொடுக்காதீர்கள்; ரீபூட்டில் அந்தப் பெயர்கள் இடம் மாறலாம். டிஸ்க்கின் நிரந்தர ஐடியைக் கொண்டு குறிப்பிடுங்கள். முழு டிஸ்க்குக்குப் பதில் டிஸ்க்கிலிருந்து பிரித்த பகுதியான ஒரு எல்விஎம் வால்யூம் போதும். ஒரு பார்ட்டிஷன் மட்டும் கொடுத்த கெஸ்ட், முழு டிஸ்க்குக்கும் கட்டளை அனுப்ப முடிந்த ஓட்டை ஒன்று லினக்ஸ் கர்னலில் இருந்தது. சிவிஇ-2011-4127 என்பது அதன் எண். சரிசெய்து பல ஆண்டுகள் ஆகின்றன, ஆனால் அப்டேட்டே காணாத சர்வர்களை நான் இன்றும் பார்க்கிறேன். எஸ்இலினக்ஸ் என்ற லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு தொந்தரவு தருகிறது என்று அணைத்து வைக்காதீர்கள். ஒரு கெஸ்ட் இன்னொன்றின் டிஸ்க் இமேஜைத் தொடாமல் தடுப்பது அதுதான். உபுண்டுவில் ஆப்ஆர்மர் அந்த வேலையைச் செய்கிறது. பயன்படுத்தாத சிடி டிரைவ், ஃபிளாப்பி இரண்டையும் நீக்கிவிடுங்கள். 2015-ல் வெளியான வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை, 2004 முதல் யாரும் கவனிக்காமல் கிடந்த ஃபிளாப்பி நிரலில் இருந்தது. சில அமைப்புகளில் ஃபிளாப்பியை முடக்கிய பிறகும் அந்த நிரல் இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே நீக்குவதோடு ஹைப்பர்வைசர் அப்டேட்டையும் போடுங்கள்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, ரான்சம்வேர் போன்ற தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கெஸ்டின் கைக்கு எந்தெந்த ஃபோல்டர் எட்டியது என்று அந்த நேரத்தில் யாராவது சொல்ல வேண்டியிருக்கும். வாடிக்கையாளர்களின் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஹோஸ்டில் கிடக்கும் அலுவலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்க முடியாது. எனவே கெஸ்டை நிறுத்திவிட்டு அதன் செட்டிங்ஸைத் திறந்து ஸ்டோரேஜ், யுஎஸ்பி, ஷேர்டு ஃபோல்டர்ஸ் மூன்று பக்கங்களையும் பாருங்கள். இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், எதற்காக, யார் கேட்டது என்று குறியுங்கள். பதில் இல்லாத வரியை நீக்கிவிட்டு மெஷினைத் திரும்ப ஓட்டுங்கள். ஏதாவது நின்றுபோனால் அந்த ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.