விடாமுயற்சி அல்ல, நிலைநிற்றல்

ஆங்கிலத்தின் 'perseverance of the saints' என்பதற்கு ஈடாக, 'பரிசுத்தவான்களின் விடாமுயற்சி' என்ற தொடர் நம் பிரசங்கங்களில் வேரூன்றிவிட்டது. கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் வகுத்த ஐந்தாம் போதனைக்குத்தான் இந்தப் பெயர். விசுவாசியை அவன் சொந்த பலத்துக்கு விட்டுவிட்டால் நிலைக்கமாட்டான், தேவனே அவனைக் கடைசிவரை காக்கிறார் என்பது அந்தப் போதனை. தமிழ்ப் பெயரோ முழுப் பாரத்தையும் விசுவாசியின் தலையில் வைக்கிறது.

இப்படிக் கடைசிவரை நிலைப்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'ஹுப்பொமொனே'. 'ஹுப்போ' என்றால் கீழ். 'மெனோ' என்றால் இரு, தங்கு. பாரத்தின் கீழிருந்து விலகாமல் இருத்தல்.

விடாமுயற்சி உயர்ந்த சொல்தான். 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று ஆள்வினையுடைமையில் வள்ளுவர் போற்றுவது அதைத்தான். ஆனால் முயற்சி என்றால் செய்வதற்கு ஒரு வேலை வேண்டும். எல்லா வேலையும் செய்து தீர்ந்த பிறகு? அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்கு ஏற்றிச் சென்ற கப்பல் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் சிக்குகிறது. கப்பலைக் கயிறுகளால் சுற்றிக் கட்டினார்கள், சரக்கைக் கடலில் எறிந்தார்கள், தளவாடங்களையும் எறிந்தார்கள். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பதினாலாம் இராத்திரியில் மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள்; அதுவும் ஒரு முயற்சிதான்! 'இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்' என்கிறார் பவுல். அந்த 'இராவிட்டால்' என்பதில் இருப்பது இதே 'மெனோ'. போர்ச்சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கப்பல் உடைந்தது, 276 பேரும் மெலித்தா தீவில் கரை சேர்ந்தார்கள்.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ரோமர் 5இல் ஹுப்பொமொனேயைப் 'பொறுமை' என்கிறது. தவறில்லை. ஆனால் பிறர் செய்வதைச் சகிக்கும் நீடியபொறுமைக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. தமிழில் இரண்டும் கலந்துபோகின்றன. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மன உறுதி' என்கிறது. விடாமுயற்சியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது மனத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆளே இருந்த இடத்தை விட்டு அகலாமல் இருப்பது அதில் இல்லை.

புதுச் சொல் படைக்க வேண்டியதே இல்லை. மத்தேயு 24:13இல் இதே கிரேக்கச் சொல்லின் வினைவடிவத்தைப் பழைய மொழிபெயர்ப்பு தந்திருக்கும் விதம்: 'முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்.' நிலைநிற்றல்! பரிசுத்தவான்களின் நிலைநிற்றல் என்று சொன்னால் எந்தக் கிராமத்துச் சபையிலும் புரியும். ஆங்கிலக் குறிப்பை வைத்துக்கொண்டு அகராதியின் முதல் சொல்லை எடுத்துப் போடுகிறவர்கள், மேசையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தை ஏன் திறந்து பார்ப்பதில்லை?