நூறு ரூபாய்த் தாளும் வாய் திறக்காத வகுப்பும்

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். "சந்தேகம் ஏதாவது?" என்றால் ஒரு சத்தமும் வராது. மொரீசியசில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த அமைதியைப் பல வருஷம் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். அப்புறம் கொஞ்ச காலம் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நான் கேட்ட கேள்விகளில் அவர்கள் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "யாரிடமாவது நூறு ரூபாய் இருக்கிறதா?" என்றேன். சிரிப்பு. பின் வரிசையில் ஒருத்தி கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதில் இருக்கும் முகம் யாருடையது என்று கேட்டேன். பெயரை ஆங்கில எழுத்தில் உள்ளபடி வாசித்தாள்: ரெங்கனாதென் சீனீவாசென். மொரீசியஸ் சுதந்திரத்துக்குப் பத்து வருஷம் முன்பே, 1958இல் காலமான அரசியல்வாதி. "இதைத் தமிழில் எழுது" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். 'ரங்கநாதன் சீனிவாசன்' என்று எழுதி முடித்தவள், திரும்பி ஒரு நொடி பலகையையே பார்த்தாள். "அப்படியென்றால் என் பெயர், மிஸ்?"

அதோடு என் பாடம் போயிற்று. வீராபென் வீரப்பன் ஆனார், சூப்ராமனியென் சுப்பிரமணியன் ஆனார். ஒவ்வொருவரும் தன் குடும்பப் பெயரைப் பலகையில் பிரித்துப் போட்டார்கள். அந்தப் பெயரின் கதை அவர்களிடம்தான் இருந்தது, என்னிடம் இல்லை. பதிலை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் கேட்கும் கேள்வியைப் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அது கலந்துரையாடல் இல்லை, வாய்மொழித் தேர்வு.

கேள்வி நல்லதாக இருந்தாலும் நாம் பொறுப்பதில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள் என்று 1970களில் எழுதினார். எங்கள் ஊரில் மூன்று போதாது. இங்கே பிள்ளை ஊரின் பேச்சுமொழியான க்ரியோலில் யோசிக்கிறது, மற்ற பாடங்களை ஆங்கிலத்தில் எழுதுகிறது, செய்தியைப் பிரெஞ்சில் கேட்கிறது. அதையெல்லாம் தாண்டித்தான் தமிழுக்கு வரவேண்டும். நான் கேள்வியைக் கேட்டுவிட்டு பாட்டிலைத் திறந்து மெதுவாகத் தண்ணீர் குடிப்பேன். வேண்டுமென்றேதான். அந்த நேரத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்ளச் சொல்வேன், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். பக்கத்துக் காதில் ஒருமுறை சொன்னதை வகுப்பில் சொல்லப் பயம் குறைகிறது.

பயம் என்றேன். அதை ஒரு பையனுக்குக் கொடுத்தவள் நான்தான். கூரையில் மழை விழும் சத்தம் பற்றி ஒருமுறை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். 'மழை' என்பது அவன் வாயில் 'மலை' ஆனது. நடுவில் புகுந்து ழகரம் சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாவது முறை சரியாகச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க எதைக் கேட்டாலும் "மோ பா கோனே, மிஸ்" (எனக்குத் தெரியாது) என்பதோடு சரி. ழகரம் கிடைத்தது, பையன் கைவிட்டுப் போனான். இப்போது ஒருவர் பேசி முடிக்கும்வரை நான் திருத்துவதில்லை. க்ரியோலில் ஆரம்பித்தாலும் தடுப்பதில்லை. "நல்லது, இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?" என்று வகுப்பு முழுவதையும் கேட்பேன். தமிழ் கெட்டுப்போகும் என்று சக ஆசிரியர்கள் சிலர் கோபிக்கிறார்கள். பேசவே பேசாத தமிழ் எங்கே கெடப்போகிறது?

ஆன்லைன் வகுப்பு கதையே வேறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் நாங்கள் பலர் ஜூமைத் திறக்கவே கற்றோம். 2024 ஜனவரியில் பெலால் புயலன்று தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. இன்று பலத்த மழை என்றாலே மாணவர்கள் "ஆன்லைனா மிஸ்?" என்று கேட்கிறார்கள். கேமராவைப் போடச் சொல்லி நான் இப்போது கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே அறையில் தம்பியும் பாட்டியும் இருக்கும் வீட்டைத் திரையில் காட்ட யாருக்குத்தான் மனசு வரும்? சாட்டில் ஒரு வரி போதும்.

இணைய விவாதப் பகுதியில் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன்: 'இரண்டு பதிவு, ஐந்து மதிப்பெண்.' கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் "நானும் இதை ஒத்துக்கொள்கிறேன்" என்று வரிசையாக வந்து விழுந்தது. மதிப்பெண்ணுக்கு எழுதியதை மதிப்பெண் போடுகிறவரைத் தவிர யார் படிப்பார்கள்?

மறுபடி ரூபாய்த் தாளுக்குப் போனேன். எங்கள் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ், அதற்குப் பிறகு தேவநாகரி. 1998இல் வந்த புதுத் தாள்களில் இந்த வரிசை மாறி, தமிழ் பின்னால் போனது. தமிழர்கள் எதிர்த்தார்கள், தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. என் மாணவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. "வீட்டில் யாருக்காவது இது ஞாபகம் இருக்கிறதா? ஒரு நிமிஷம் பேச வைத்து, குரலைப் பதிவு செய்து போடுங்கள்" என்றேன். மதிப்பெண் கிடையாது.

முதலில் வந்தது ஒரு பாட்டியின் குரல். முழுக்க க்ரியோல், பின்னால் தாளிக்கும் சத்தம், நடுவில் "நம்ம எழுத்து" என்று இரண்டே தமிழ்ச் சொல். அதன் கீழே ஒருத்தி, தன் தாத்தா இதையே வேறு மாதிரி சொல்கிறார் என்று எழுதினாள். இன்னொருவன், எந்தத் தாத்தா சொல்வது சரி என்று கேட்டான். வியாழன் இரவுக்குள் நான் படித்து முடிக்க முடியாத அளவு பதில்கள். பாடத்திட்டத்தில் ஒரு வாரம் பின்தங்கிவிட்டேன், அதை ஈஸ்டர் விடுமுறைக்கு முன் எப்படியாவது பிடித்துவிட வேண்டும்.