போக எட்டு மணி நேரம், திரும்ப ஒன்பதரை

டில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேர்வான்வழித் தூரம் சுமார் 5,850 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம். ஆனால் கால அட்டவணையில் போவதற்கு ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்புவதற்கு ஒன்பதரை வரை ஆகிறது. (ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அந்த வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு வரும் கணக்கு இது.)

கூடுதல் நேரத்தில் ஒரு பங்கு சுற்றுவழியால் வருகிறது. நேர்வழி இமயத்தையும் திபெத் பீடபூமியையும் தாண்டிப் போகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடிகிற சுமார் 3,000 மீட்டருக்கு விமானி உடனே இறங்க வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பயணியின் தலைக்கு மேலிருந்து தொங்கும் முகமூடியில் ஆக்சிஜன் பதினைந்து நிமிடம் வந்தால் அதிகம். அதனால் விமானங்கள் பெரும்பாலும் தெற்கே விலகி, மியான்மர், தென் சீனம் வழியாகப் போகின்றன.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் ஏன்? பூமி கிழக்கே சுழல்வதால் டோக்கியோ விலகி ஓடும் என்று தோன்றலாம். அப்படியானால் போவதற்குத்தான் அதிக நேரம் ஆக வேண்டும். ஓடும் பஸ்ஸுக்குள் பறக்கும் கொசு பின்கண்ணாடியில் போய் மோதுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றும் பஸ்ஸோடு சேர்ந்தே போகிறது. பூமியும் அதன் காற்றும் அப்படித்தான்.

வித்தியாசத்தை உண்டாக்குவது ஜெட் காற்றோட்டம், அதாவது விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாகப் பாயும் காற்று. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. டில்லிக்கு அருகே அது 1,470தான். வெப்ப மண்டலத்தில் மேலெழும் காற்று, அந்தக் கூடுதல் வேகத்தைச் சுமந்துகொண்டு வடக்கே வரும்போது தரையை முந்திக் கிழக்கே பாய்கிறது. குளிர்காலத்தில் சைபீரியக் குளிரும் தெற்கத்திய வெப்பமும் ஜப்பானுக்கு மேலே மோதுவதால் அந்த ஓட்டம் இன்னும் உக்கிரமாகிறது. உலகிலேயே மிக வலுவான மேல்காற்றுகளில் அதுவும் ஒன்று. சில நாள்களில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

அதை முதலில் அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓஇஷி. 1920களில் டோக்கியோவுக்கு வடகிழக்கே தாதெனோ ஆய்வகத்தில் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, அவை கண்ணுக்கு மறையும்வரை கோணமானியால் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய 9 கிலோமீட்டர் உயரத்தில் பலூன்கள் சட்டென்று கிழக்கே அடித்துச் செல்லப்பட்டன. உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று 1926இல் தன் அறிக்கையை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். எவ்வளவு பெரிய மனம்! ஆனால் வெளியே அதைக் கவனித்தவர்கள் அரிது. 1944 நவம்பரில் டோக்கியோவுக்கு மேலே வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் சிக்கின. பல குண்டுகள் இலக்கை விட்டு விலகி விழுந்தன.

ஜனவரியில் டோக்கியோ போகிறவர்கள், ஜப்பானை நெருங்கும்போது இருக்கைத் திரையில் தரைவேகத்தை, அதாவது தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகத்தைப் பாருங்கள். எண் 1,100ஐத் தாண்டியிருக்கலாம். எஞ்சின் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. காற்றைக் கிழிக்கும் வேகம் அதே 900தான். திரும்பும்போது அதே இடத்தில் 700க்கும் கீழே இருக்கலாம். ஆகஸ்டில் இந்த ஓட்டம் வலுவிழந்து வடக்கே நகர்ந்துவிடுவதால் இரண்டு எண்களும் நெருங்கி வந்துவிடும்.