வயிற்று பெல்ட்டை இறுக்கினால் வயிறு வற்றாது

பிள்ளை பெற்றவளுக்குப் பழைய சேலையைக் கிழித்து வயிறு கட்டுவது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் மறையாத பழக்கம். அதனால் டம்மி டக், அதாவது தொங்கும் வயிற்றின் உபரித் தோலையும் கொழுப்பையும் அகற்றும் அறுவை முடிந்து பெல்ட்டோடு வீடு திரும்பியவரிடமும், "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போடும்மா, வயிறு உள்ள போயிடும்" என்று பெரியவர்கள் அக்கறையோடு சொல்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

இந்த அறுவையில் விலா ஓரம்வரை தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்து, உபரியை வெட்டிவிட்டு, கீழே இழுத்துத் தைக்கிறார்கள். பிரித்த தோல் திரும்பத் தசையோடு ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் நீர் கோர்க்கும். அந்த இடைவெளியை மெல்ல அமுக்கி வைத்து, வீக்கத்தையும் கட்டுக்குள் வைக்கத்தான் பெல்ட். ரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருப்பது தையலுக்குச் சற்று மேலே, நடு அடிவயிற்றில். அங்கே அதிகம் அழுத்தினால் தோல் கறுத்துச் செத்துப்போகலாம். தோல் மரத்திருப்பதால் வலித்துக்கூடக் காட்டாது. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறினால் கால் ரத்தம் மேலே திரும்புவது மந்தமாகி, அது கட்டியாக உறையும் ஆபத்தும் கூடும்.

பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். மூச்சு தாராளமாக வர வேண்டும். உட்காரும்போது மேல் விளிம்பு சுருண்டு கயிறு மாதிரி பதியும். இரண்டு மூன்று மணிக்கொரு முறை கையால் தடவிப் பார்த்து நீவி விடுங்கள். உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் இருந்தால் அடியில் துணி மடித்து வையுங்கள், இல்லையேல் குழாயின் தடம் தோலில் விழும்.

பெரும்பாலும் ஆறு வாரம் போட வேண்டியிருக்கும். முதல் சில வாரம் குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும். உங்கள் சர்ஜன் வேறு கணக்குச் சொன்னால் அதுவே சரி. முதல் தடவை படுத்தபடி, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

நம்மூர் சித்திரை வெயிலில் ஒரே பெல்ட் போதவே போதாது. இரண்டு வாங்கி மாற்றிப் போடுங்கள். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன். வியர்வைக்குப் பவுடர் வேண்டாம், புண்ணில் இறங்கும். துவைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் எலாஸ்டிக் இற்றுவிடும்.

பெங்களூரிலோ சேலத்திலோ அறுவை முடித்து காரில் திரும்புகிறவர்கள், காலில் ரத்தம் உறையாமலிருக்க மணிக்கொரு முறை இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும்.

தோல் நீலம் பாய்ந்தாலோ, வயிற்றில் நீர் அலையடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே சர்ஜனைக் கூப்பிடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனை. திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு 108.